அடுத்த டியூட்டிக்குச் சொல்லிவிடுங்கள்

ஆடி மாதம் நின்ற பேச்சு, ஐப்பசி மழை தொடங்கியும் திரும்பவில்லை. எனக்கும் ஜெயங்கொண்டத்துக்காரிக்கும் இடையில்தான். பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் இரண்டு பேரும் நர்ஸ். ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். முந்திரிக் காய்ப்பு வந்தால் அவள் ஊரிலிருந்து வறுத்துக் கொண்டுவரும் பருப்பில் எனக்கென்று ஒரு பொட்டலம் தனியாக இருக்கும். என் போனில் அவள் எண்ணை ‘முந்திரி’ என்றுதான் பதிந்து வைத்திருந்தேன். நன்றாகப் பழகியவர்கள் போடும் சண்டைதான் அதிகம் நாறும், அது எங்களுக்கும் பொருந்தியது.

சண்டைக்குக் காரணம் பஸ். சிரிக்காதீர்கள். காலை டியூட்டி மதியம் ஒன்றரைக்கு முடியும். அரியலூர் போகும் பஸ் ஒன்றே முக்காலுக்குப் பெரம்பலூர் ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிவிடும். அதைப் பிடித்தால் அரியலூரில் திருமானூர் பஸ் கையோடு கிடைக்கும், மூன்றரைக்கு வீட்டுக்குள் நுழையலாம். விட்டால் ஐந்து மணி. வீட்டில் என் மாமனார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. என் வீட்டுக்காரர் மதியம் அவருக்குக் கஞ்சியைக் கொடுத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவார். அதன் பிறகு அவரைப் புரட்டிப் போடவும் ஈரத்துணி மாற்றவும் நான்தான் போய்ச் சேர வேண்டும். ஐ.சி.யூ.வில் எட்டுப் படுக்கை, வீட்டில் ஒன்பதாவது.

அதனால் சில நாள் ஒன்றே காலுக்கே பையைத் தோளில் மாட்டிவிடுவேன். கடைசி மணி நேரத்துக் குறிப்பைப் பன்னிரண்டு மணிக்கே எழுதி வைத்துவிடுவேன். நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சு என்று எல்லாம் காலையிலிருந்து அப்படியேதானே இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைப்பு. ஊரில் யாரும் செய்யாததை நான் செய்துவிடவில்லை என்றும் ஒரு சமாதானம் வைத்திருந்தேன்.

ஆடி மாதம் ஒரு மீட்டிங்கில் இன்சார்ஜ் மேடம், டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஏன் சரியாக ஒப்படைப்பதில்லை என்று பொதுவாகக் கேட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தபோது ஜெயங்கொண்டத்துக்காரி வாயைத் திறந்தாள். “அவங்களுக்குப் பேஷன்ட்ட விட பஸ்ஸு முக்கியம் மேடம்” என்று என்னைக் கைகாட்டிச் சொன்னாள். அவளுக்கென்ன, பெரம்பலூரிலேயே வாடகைக்குக் குடியிருக்கிறாள், நடந்தே வீடு போய்ச் சேருவாள். பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். உண்மையைச் சொன்னாள், அதுவும் பத்துப் பேர் முன்னால் சொன்னாள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. அன்றிலிருந்து அவள் இருந்த பக்கம் நான் முகத்தைத் திருப்பவில்லை.

ஆனால் ஐ.சி.யூ.வில் ஊமையாக இருந்து வேலை பார்க்க முடியுமா? வாரத்தில் நாலு நாள் நான் காலை, அவள் மதியம். என் கையிலிருந்துதான் அவள் நோயாளிகளை வாங்க வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் இதற்கு ஒரு வழி உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாத நாளில், “பாப்பா, உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு” என்பாள் அம்மா. அப்பா இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். பிள்ளை இல்லாத வீட்டில் மாட்டிடம் சொல்வார்கள், அதுவும் இல்லாவிட்டால் சுவரிடம். சேதி போய்ச் சேர்ந்துவிடும், பேசிய பழியும் வராது. நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்து ஐ.சி.யூ.வில் வைத்தோம்.

முதலில் தரை துடைக்கும் ஆயாம்மாவை நடுவில் நிறுத்தினோம். மூன்றாம் படுக்கைக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், சொல்லிவிடுங்கள் ஆயாம்மா என்பேன் நான். எத்தனை மணிக்கென்று கேளுங்கள் ஆயாம்மா என்பாள் அவள். ஒரு வாரம் பொறுத்தார். “என்னைய என்னா தபால் பொட்டின்னு நெனச்சுக்கிட்டீங்களா ரெண்டு பேரும்?” என்று துடைப்பக் குச்சியைச் சுவரில் சாத்திவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு படுக்கையில் கிடக்கும் நோயாளியைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் வந்தது. வென்டிலேட்டரில் இருப்பவர் பதில் சொல்லப் போவதில்லை, கோபித்துக்கொண்டு போகப் போவதும் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து அந்த அண்ணன் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கொல்லையில் விதை வெங்காயம் சேர்த்து வைத்திருக்கும் ஓலைப் பட்டறைக்குக் காவலாகத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, பெரிய வலியும் இருக்காது, வயிறுதான் வலிக்கும். சாதாரண வயிற்று வலி என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இமை தானாக இறங்கி மூடத் தொடங்கியதும்தான் அவர் பெண்டாட்டி பயந்துபோய்க் கூட்டிவந்திருக்கிறார். விஷமுறிவு ஊசி போட்டோம். ஆனாலும் கொஞ்ச நேரத்தில் மூச்சு விடும் தசையும் படுத்துவிட்டது. வாய்வழியாகத் தொண்டைக்குள் டியூப் இறக்கி வென்டிலேட்டரில் போட்டார்கள்.

பார்த்தால் செத்தவர்தான். கண் திறக்காது, கிள்ளினால் அசைவு இருக்காது, இருமல்கூட இல்லை. டியூட்டியில் இருந்த டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார், இந்த விஷம் உடம்பைத்தான் கட்டிப்போடும், மூளை விழித்தே இருக்கும், இவருக்கு நாம் பேசுவது எல்லாம் கேட்கும் என்று. சொன்னதோடு விடாமல் அவர் காதருகே குனிந்து, கேட்கிறதென்றால் கால் விரலை அசையுங்கள் என்றார். நாங்கள் எல்லோரும் போர்வையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகு நேரம் கழித்து வலது கால் கட்டைவிரல் ஒரு நெல்மணி அளவு அசைந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எது செய்தாலும் அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்று டாக்டரம்மா உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவு எங்கள் வீம்புக்கு வசதியாகப் போய்விட்டது. அண்ணே, இப்போது சளி உறிஞ்சி எடுக்கப்போகிறேன் என்று தொடங்குவேன். அண்ணே, உங்களுக்கு ஆன்டிபயாடிக் போட்டாகிவிட்டது, அடுத்தது ராத்திரி எட்டுக்கு, அடுத்த டியூட்டிக்காரங்ககிட்ட சொல்லிடுங்க என்று முடிப்பேன். ஜெயங்கொண்டத்துக்காரி தலைமாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். சரிண்ணே, பொட்டாசியம் ரிசல்ட் வந்துச்சான்னு கேளுங்க என்பாள். வரவில்லையாம் அண்ணே என்பேன். இதில் எங்களுக்கு வெட்கமே இல்லாமல் போயிற்று. ஒரு மனுஷன் உயிரோடு புதைந்து கிடக்கிறார், அவர் மார்பின் மேல் நாங்கள் சண்டையை நடத்திக்கொண்டிருந்தோம்.

பதினொரு மணிக்கு அரை மணி நேரம் அவர் பெண்டாட்டியை உள்ளே விடுவோம். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கால்மாட்டில் நிற்பார். என்ன பேசுவதென்று தெரியாமல், பட்டறை ஓலை ஒரு பக்கம் ஒழுகுகிறது, வெங்காயம் அழுகினாலும் அழுகும் என்று கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்வார். பிறகு என்னைப் பார்த்து, “இதெல்லாம் இவுருக்குக் காதுல உழுவுதாங்க?” என்று கேட்பார். விழுகிறது, நல்லதாகச் சொல்லுங்கள் என்பேன் நான். ஒரு தடவை இல்லை, தினமும் சொன்னேன். எனக்குத் தெரியாது என்று பிற்பாடு நான் சொல்லிக்கொள்ள அதனால் வழியே இல்லை.

ஐந்தாம் நாள். காலையிலிருந்தே எனக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்து சமைத்து, மாமனாருக்குப் பார்த்து, முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். கெண்டைக்கால் நரம்பு இழுத்துக்கொண்டிருந்தது. என்னோடு டியூட்டியில் இருந்த இன்னொரு நர்ஸ் ஒரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப் போனவள் திரும்பவில்லை. ஒன்று பத்துக்கு அண்ணனுக்கு வாயைச் சுத்தம் செய்யப் போனேன். எச்சில் ஊறி டேப் நனைந்து கன்னத்திலிருந்து உரிந்து வந்திருந்தது.

டியூபின் மேல் அளவு எண்கள் அச்சிட்டிருக்கும். உதட்டோரம் எந்த எண் நிற்கிறதோ அதை மணிக்கு ஒரு தரம் பார்த்து எழுத வேண்டும். அவருக்கு முதல் நாளிலிருந்து இருபத்திரண்டு. நான் பார்க்கும்போது இருபது. டியூப் வெளியே நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மானிட்டரைப் பார்த்தேன், ஆக்சிஜன் நன்றாகத்தான் இருந்தது. ஸ்டெத் வைத்துக் கேட்டேன், இரண்டு பக்கமும் காற்று போனது. டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும், டேப்பை மாற்ற வேண்டும். டேப்பைத் தனியாளாக மாற்றக் கூடாது. ஒருத்தி டியூபை அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி ஒட்ட வேண்டும். இதில் நாலு கை வேண்டும் என்பது நர்ஸிங் படிக்கிற சின்னப் பெண்ணுக்கும் தெரியும்.

டாக்டரம்மா கீழே விபத்து கேஸில் இருந்தார். மணி ஒன்று இருபது. அப்போது ஜெயங்கொண்டத்துக்காரி வந்துவிட்டாள். அவள் என்றைக்கும் பத்து நிமிஷம் முன்னாலேயே வருபவள். இரண்டு பேர், நாலு கை, எல்லாம் அங்கேயே இருந்தது. “கொஞ்சம் பிடி” என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அந்த இரண்டு வார்த்தை என் தொண்டையை விட்டு ஏறவில்லை.

நனைந்த டேப்பின் மேலேயே புது டேப் ஒரு துண்டு ஒட்டினேன். குனிந்து அவரிடம் சொன்னேன். “அண்ணே, உங்க டியூப் கொஞ்சம் வெளிய வந்திருக்கு. டேப்பு ஈரமா இருக்கு. ரெண்டு பேரா புடிச்சு மாத்தணும், டாக்டர்கிட்டயும் சொல்லணும். அடுத்த டியூட்டிக்குச் சொல்லிடுங்க.”

ஜெயங்கொண்டத்துக்காரி அப்போது மூலையில் கை கழுவிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். குழாய் முழுசாகத் திறந்திருந்தது. அந்தக் குழாயைத் திறந்தால் சுவருக்குள் இருக்கும் பைப் கடகடவென்று ஆடும், பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. அவள் காதில் விழுந்திருக்காது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். சத்தமாகச் சொன்னால் அவளிடம் பேசியதுபோல ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

சார்ட்டில் பன்னிரண்டு மணிக்கே எழுதி வைத்த குறிப்பு இருந்தது. டியூப் இருபத்திரண்டு, டேப் நன்றாக உள்ளது. அதை அடித்துத் திருத்த ஒரு நிமிஷம் ஆகும், அப்படித் திருத்தினால் டாக்டருக்கு ஏன் சொல்லவில்லை என்று கேள்வி வரும். ஒன்று இருபத்தேழு. கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பஸ் கிடைத்தது, ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளின் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. ‘முந்திரி’ என்று வந்தது. மூன்று மாதம் கழித்து முதல் அழைப்பு. டேப்பைப் பார்த்திருக்கிறாள், சண்டை போடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். கிடக்கட்டும், கொஞ்சம் தவிக்கட்டும் என்று போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. அவள்தான் முதலில் இறங்கிவந்தாள் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் முகத்தில் நானே துப்பிக்கொள்ளலாம் போலிருக்கும்.

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் ஆயாம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். நேத்து ஒரு உசுரு போயிட்டு வந்துச்சு தெரியுமா என்றார். நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஜெயங்கொண்டத்துக்காரி டியூபைப் பார்த்திருக்கிறாள். பத்தொன்பதில் நின்றிருக்கிறது. சார்ட்டில் இருபத்திரண்டு. டியூப் அரை மணி நேரத்தில் மூன்று அளவு நகர்ந்ததா, இல்லை சார்ட்டில்தான் தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. டாக்டரைக் கூட்டிவர ஆயாம்மாவை ஓடச் சொல்லிவிட்டு எனக்குப் போன் போட்டிருக்கிறாள். நான் எடுக்கவில்லை. அவளோடு மதிய டியூட்டியில் இருந்த நர்ஸ் இன்னொரு படுக்கையில் மாட்டிக்கொண்டிருந்தாள். இவள் ஒற்றைக் கையால் டியூபைப் பிடித்தபடி டேப்பைத் தொட்டதும், வென்டிலேட்டர் குழாயின் கனம் இழுத்து டியூப் முழுசாக வெளியே வந்துவிட்டது.

ஆயாம்மா டாக்டரோடு ஓடிவந்தபோது அண்ணன் முகம் நாவல்பழ நிறத்தில் இருந்ததாம். அவள் அவர் முகத்தில் முகமூடியை அழுத்தி வைத்துக்கொண்டு, காற்று ஊதும் ஆம்பு பையை அமுக்கிக்கொண்டே இருந்தாளாம். மானிட்டர் கத்தியதாம். டியூபை மறுபடி இறக்கி, நிறம் திரும்பி வந்த பிறகுதான் கையை எடுத்தாளாம்.

அவர் படுக்கைக்குப் போனேன். முன்புபோலவே கிடந்தார். புது டேப், நாலு பக்கமும் இறுக்கமாக. அன்றைக்கு நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் எல்லா வேலையும் செய்தேன்.

இன்சார்ஜ் மேடம் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். சார்ட் மேஜை மேல் விரித்து வைத்திருந்தது. டியூப் நகர்ந்தது டியூட்டி மாறுவதற்கு முன்னாலா, பின்னாலா என்பதுதான் கேள்வி. என்னைப் பார்த்து, ஏதாவது மாற்றம் இருந்ததா, சொன்னீர்களா என்றார்.

“டேப் ஈரமா இருக்குன்னு சொன்னேன் மேடம்” என்றேன். பொய்யில்லை பாருங்கள். சொன்னேன். யாரிடம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

“எங்கிட்ட எதுவும் சொல்லல மேடம்” என்றாள் அவள்.

மேடம் சார்ட்டின் மேல் விரலை வைத்தார். இருபத்திரண்டு, என் கையெழுத்து. எழுத்துக்கு முன்னால் வாய்ப்பேச்சு எங்கே நிற்கும்? அவள் தலையைக் குனிந்துகொண்டு ஒன்றை மட்டும் சொன்னாள். “நான் டியூட்டி எடுத்ததுலேர்ந்து அவரு கால் கட்டைவெரலு ஆடிக்கிட்டே இருந்துச்சு மேடம். எங்கயோ வலிக்குது போலன்னு தலகாணிய மாத்தி மாத்தி வச்சேன். அதுலயே நேரம் போயிருச்சு.”

அந்த அறையில் அந்த விரல் ஏன் ஆடியது என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்குப் போன் போட்டதையாவது அவள் சொல்லுவாள், மாட்டிக்கொள்வேன் என்று காத்திருந்தேன். அவள் அதையும் சொல்லவில்லை. ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

அவளிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கி ஃபைலில் வைத்தார்கள். ஐ.சி.யூ.விலிருந்து எடுத்து ஆண்கள் வார்டில் போட்டார்கள். அடுத்த இன்சார்ஜ் அவள்தான் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு இருந்தது, அந்தக் கடிதத்தோடு அந்தப் பேச்சும் அடங்கியது. நான் தினமும் ஒன்றே முக்கால் பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டில் மாமனாரைப் புரட்டும்போது அவர் கால் விரல் தற்செயலாக அசைந்தாலும் என்ன, என்ன வேண்டும் என்று பத்துத் தடவை கேட்டேன். அவர் பேசக்கூடியவர்தான். ஒன்றும் இல்லம்மா, தூங்க விடு என்பார்.

ஒன்பதாம் நாள் அண்ணனின் இமை கொஞ்சம் திறந்தது. அடுத்த நாள் கையை இறுக்கினார். பன்னிரண்டாம் நாள் டியூபை எடுத்தார்கள். பிழைத்துவிட்டார் என்று ஐ.சி.யூ.வே சந்தோஷப்பட்டது, எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் எப்போது வாயைத் திறப்பார், திறந்தால் என்ன சொல்வார் என்று உள்ளே ஒரு பயம். குரல் கரகரவென்று வந்தது. என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான். ஒரு நாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று, வேறு எதையும் பேசவில்லை. மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் அப்படித்தான் இருந்தது. அவர் பெண்டாட்டி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பேச்சு குடுத்துக் குடுத்தே காப்பாத்திட்டீங்கம்மா” என்று அழுதார். கையை உருவிக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

பதினைந்தாம் நாள் அவரை வார்டுக்கு மாற்றச் சொன்னார்கள். ஆண்கள் வார்டு. மணி ஒன்று. நானும் ஆயாம்மாவும் சக்கரக் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே ஜெயங்கொண்டத்துக்காரி மேஜையருகே நின்றுகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றுங்கள் என்று ஆயாம்மாவிடம் சொன்னாள். படுக்கைக்கு மாற்றிவிட்டு ஃபைலைத் திறந்தேன். பழக்கதோஷம், கண் தானாக அண்ணன் பக்கம் போயிற்று.

“அண்ணே, இனிமே மாத்திரைதான், ஊசி கிடையாது. இங்க இருக்கிறவங்ககிட்ட…” என்று தொடங்கினேன்.

அவர் கையைக் கொஞ்சம் உயர்த்தினார். நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார், முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை அல்லவா. பிறகு கேட்டார், அன்னிக்குப் பை அமுக்கினது நீங்கதானே, குரலு அதான் என்று. அவள் தலையசைத்தாள்.

“சிஸ்டரு, அன்னிக்கு உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொல்லிட்டுப் போனாங்க. டியூப்பு வெளிய வந்திருக்காம். டேப்பு ஈரமா இருக்காம். ரெண்டு பேரா புடிச்சு மாத்தணுமாம், டாக்டருகிட்ட சொல்லணுமாம்.” மூச்சு வாங்கியது. நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். “எம்புட்டோ பாத்தேங்க. வெரலத்தான் ஆட்ட முடிஞ்சுது. வாய் வரல. என்னாலதான் உங்களுக்கு அம்புட்டு சிரமமும். மனசுல வச்சுக்காதீங்க.”

நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவர்தான் கேட்டார், சேதியைச் சேர்க்க முடியாமல் போனதற்கு. பத்து நாளாக அதை மனதில் வைத்துக்கொண்டு, சேர்க்க வேண்டிய ஆளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். ஆயாம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்.

ஜெயங்கொண்டத்துக்காரி என் பக்கம் திரும்பினாள். ஆடி மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேராக அன்றைக்குத்தான்.

“எத்தனைல இருந்துச்சு?”

“இருபது.”

“சார்ட்டுல?”

“பன்னெண்டு மணிக்கே எழுதிட்டேன்.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். “போன எடுத்திருந்தா அந்த ஒரு நம்பரத்தான் கேட்டிருப்பேன்டி” என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

மேடத்திடம் இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றேன். முதலில் இவரை ஒழுங்காக ஒப்படை, பிறகு போ என்றாள். ஒப்படைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாக. எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, விழுங்கும்போது எப்படி உட்கார வைக்க வேண்டும், முதுகில் எந்த இடம் சிவந்திருக்கிறது, இன்னும் இடது கண் முழுசாக மூடவில்லை, மருந்து விட வேண்டும். நான் சொன்னதை அவள் ஒவ்வொரு முறையும் திருப்பிச் சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து அவரைப் புரட்டி முதுகைப் பார்த்தோம். சுவரில் மணி ஒன்று நாற்பதைத் தாண்டியது. மாமனாரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லும்படி வீட்டுக்காரருக்குப் போன் போட ஆயாம்மாவிடம் சொன்னேன்.

எல்லாம் முடிந்ததும் அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்ப நான் சொல்ல வேண்டியது வேற எதும் பாக்கி இல்லீங்களே?” என்று கேட்டார்.

“இல்லண்ணே. நானே சொல்லிட்டேன்” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இன்சார்ஜ் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. பையைத் தோளில் மாட்டாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியேறினேன்.